குனியாமல் இருந்த பதினோரு மாதம்

கலைமதியின் இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு நூல்கண்டை எடுக்கப் போனபோது. அந்தக் கண்டு கால் கிலோகூட இருக்காது. முந்தின நாள்தான் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ரெக்ஸின் சுருள்களை வண்டியிலிருந்து இறக்கியிருந்தாள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட், காலை ஒன்பதரை மணி இருக்கும். மெஷினிலிருந்து உருண்டு ஸ்டூலுக்குப் பின்னால் போன கண்டை, எழுந்திருக்காமலேயே பக்கவாட்டில் வளைந்து கை நீட்டி எடுக்கப் பார்த்தாள். விரல் கண்டைத் தொட்டது. அதே நேரத்தில் முதுகின் அடியில் கொக்கி மாட்டி இழுத்தாற்போல ஏதோ பிடித்தது. அதற்கு மேல் அவளால் நிமிரவும் முடியவில்லை, வளையவும் முடியவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த முத்துச்செல்வி, மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். அவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, ஒரகடத்தில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

“என்னக்கா செய்யுது? தலை சுத்துதா?”

“தல இல்லடி, இடுப்பு. தொடாத. தொடாத.”

இரண்டு பேர் தோளைப் பிடித்து முதலுதவி அறைக்குக் கூட்டிப் போனார்கள். பெரியவர்கள் முன்னால் வணங்கி நிற்பவளைப் போல பாதி வளைந்தபடியே லைன் முழுவதையும் கடந்தாள். முதலுதவி அறையில் ஸ்பிரே அடித்து, மாத்திரை ஒன்றைக் கொடுத்து, கம்பெனி வேனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை. தலை சாய்க்கும் பகுதிக்கான உறையைத் தைப்பது அவள் பொறுப்பு. அதில் வளைவுகள் அதிகம், துணி சுருங்காமல் திருப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். வீடு சென்னக்குப்பத்தில். கணவன் பரசுராமன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் தண்டலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

இடுப்புப் பிடிப்பு ஒரு வாரத்தில் விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிதான் விட்டது. நிமிர்ந்து நடக்க முடிந்தது. ஆனால் உட்கார்ந்து எழும்போதும், படுக்கையில் புரளும்போதும் அடிமுதுகில் சுருக்கென்றது. பரசுராமன் ஒருவரைக் கூட்டி வந்து எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்னான். நீவியதில் தோல் சிவந்ததுதான் மிச்சம். பிறகு எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் மாத்திரை எழுதினார், இடுப்புக்கு பெல்ட் எழுதினார். கடைசியில், “ரெண்டு மூணு வாரத்துக்கு வெயிட் தூக்காதீங்க, ரொம்பக் குனியாதீங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழைய வேலையெல்லாம் ஆரம்பிச்சிடுங்க” என்றார்.

இதில் கலைமதியின் மனதில் தங்கியது ஒரு சொல்தான்: குனியாதீங்க. இரண்டு மூன்று வாரம் என்றதும், பிறகு ஆரம்பிக்கச் சொன்னதும் வீட்டுக்கு வருவதற்குள் நழுவிவிட்டன. டாக்டர் அப்படிச் சொன்னதே அவளுக்குப் பல மாதம் கழித்துப் பரசுராமன் சொல்லித்தான் தெரியும். அவனுக்கும் அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வலி போகாததால் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் முதுகெலும்பின் அடியில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாகவும், தேய்மானம் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தது. தேய்மானம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். பரசுராமன் தனக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினான்.

“நம்ம வண்டில பிரேக் ஷூ தேயுதுல்ல, அது மாதிரி. இன்னா, அது தேஞ்சா கழட்டிட்டு வேற போட்டுக்கலாம். இதுக்கு அப்டி முடியாது.”

அவன் பரிவோடுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து, ஒவ்வொரு முறை குனியும்போதும் உள்ளே எலும்பில் ஒரு பூச்சு உதிர்கிறது என்று கலைமதி நம்பத் தொடங்கினாள். உதிர்ந்தது திரும்ப வராது. எனவே குனியக் கூடாது. அவளுக்கு இது கணக்குப் போல் தெளிவாக இருந்தது.

வீடு அதற்கேற்ப மாறியது. தண்ணீர்க் குடங்கள் ஹாலோபிளாக் கற்களின் மேல் ஏறின. நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் வந்தது. துணி துவைப்பது பரசுராமன் வேலையானது. காலையில் வாசல் தெளிப்பதும் அவன்தான். தெளித்த ஈரம் கோலமில்லாமல் காய்ந்தது. மார்கழி வந்ததும் எதிர்வீட்டுக் கோவிந்தம்மா வாசலில் நின்று கேட்டாள்:

“இன்னா கலை, மார்கழி மாசத்துல வாசல் வெறுமனே கெடக்குது?”

மறுநாள் பரசுராமன் படப்பையிலிருந்து ஸ்டிக்கர் கோலம் ஒன்றை வாங்கி வந்து ஒட்டினான். அது மாட்டுப் பொங்கல்வரை இருந்தது.

கால் நகம்கூட அவன்தான் வெட்டிவிட்டான். கலைமதி கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், அவன் கீழே உட்கார்ந்து வெட்டுவான். அவளுக்கு அதில் வெட்கம் இருந்தது, அதனால் எரிந்து விழுவாள். அவன் அடுத்த விரலுக்குப் போய்விடுவான். உறவில் ஒரு கல்யாணத்தில், பரசுராமனின் தாய்மாமனை எல்லோரும் விழுந்து வணங்கியபோது அவள் மட்டும் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள். கம்பெனியில் சம்பாதிக்கிற திமிர் என்று யாரோ சொன்னது பந்தி முடிவதற்குள்ளேயே அவள் காதுக்கு வந்துவிட்டது.

கம்பெனியில் சீருடைக்கு அடியில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கீழே விழுவதையெல்லாம் முத்துச்செல்வி எடுத்துக் கொடுத்தாள். டீ இடைவேளையில் தினமும் ஒரு வலி மாத்திரை. அது வயிற்றைப் புண்ணாக்கியதால் அதற்கு இன்னொரு மாத்திரை. இவ்வளவு செய்தும் வலி குறையவில்லை. முதலில் சுருக்கென்று வந்து போனது, பிறகு பல்வலிபோல நாள் முழுக்க இருந்தது. சும்மா இருக்கும் இடுப்பு ஏன் மேலும் மேலும் வலிக்கிறது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தேய்மானம் கூடுகிறது என்று தானே முடிவு செய்துகொண்டாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் முத்துச்செல்வி செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருவர் படுத்திருப்பவரின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார், சடக்கென்று சத்தம் வருகிறது, படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுகிறார்.

“இங்க பாருங்கக்கா, எலும்பைச் சொடக்கு எடுக்கிற மாதிரி எடுத்து விடுதாங்க. பத்து வருசத்து வலியெல்லாம் போயிருதாம்லா.”

“சீ, எடுத்துட்டுப் போ அந்தப் பக்கம். கழுத்த முறிக்கிறான், நீ சிரிக்கிற.”

ஆனால் அந்த வாரமே பரசுராமனும் அதே பேச்சோடு வந்தான். படப்பையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கைரோபிராக்டிக் என்று போர்டு போட்டிருக்கிறார்களாம், மூட்டுகளைக் கையாலேயே தள்ளிச் சரிசெய்கிற வைத்தியமாம். வெளிநாட்டில் இதற்கென்றே படித்துவிட்டு வந்த பூஜா என்ற டாக்டர் புதனும் சனியும் வருகிறாராம். வண்டியில் வந்த ஒருவர் சொன்னாராம். “போய்க் கேட்டுட்டு வந்துடலாம். புடிக்கலன்னா எழுந்து வந்துடு” என்றான். சனிக்கிழமை போனார்கள்.

டாக்டர் பூஜாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். படுக்க வைத்துச் சடக்கென்று எடுப்பார் என்று எதிர்பார்த்துப் போன கலைமதியிடம் அவர் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப் போகிறதா, காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா. கடைசிக் கேள்விகளின்போது பரசுராமன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். காலைத் தூக்கிப் பார்த்தார். கால் கட்டைவிரலால் தன் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். ஸ்கேனைக் கண்ணாடி ஜன்னலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அக்கா, உங்க வயசுல முதுகு வலியே இல்லாதவங்க நூறு பேர ஸ்கேன் எடுத்தா, பாதிப் பேருக்கு இந்த மாதிரி பிதுக்கம் இருக்கும். இது முடி நரைக்கிற மாதிரி. இதனாலதான் வலின்னு சொல்ல முடியாது.”

“தேய்மானம்னு போட்டிருக்காங்களே டாக்டர்?”

“போடுவாங்க. ஆனா குனிஞ்சா அது தேயாது. குனியறதுக்குத்தான் முதுகு இருக்கு.”

கலைமதி அதை நம்பவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தரையில் போட்டார்.

“இத எடுத்துக் கொடுங்க.”

கலைமதி பேனாவைப் பார்த்தாள். கை தானாகப் பெல்ட்டின் மேல் போனது. அவள் நகரவே இல்லை. அதற்குள் பரசுராமன் நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, பேனாவில் கை வைத்துவிட்டான்.

“அண்ணா, நீங்க விடுங்க.”

அவன் கையை எடுத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தான். பேனா அங்கேயே கிடந்தது. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். எட்டு மாதம் என்று பரசுராமன்தான் சொன்னான்.

அன்றைக்கு அந்தச் சிகிச்சையும் நடந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி, தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் திருப்பி, ஒரு கணம் நிறுத்தி, டாக்டர் தன் எடையைப் போட்டு ஒரே தள்ளாகத் தள்ளினார். உள்ளே இரண்டு மூன்று முறை மளுக்கென்றது. கலைமதி கத்திவிட்டாள். வலித்ததா என்று கேட்டபோது, வலிக்கவில்லை என்று அவளே ஆச்சரியத்தோடு சொன்னாள்.

“எலும்பு முறியல, இடம் மாறவும் இல்ல. மூட்டுக்குள்ள இருக்கிற வாயு விடுபடற சத்தம், விரல்ல நெட்டி முறிக்கிறோமே அது மாதிரி. இறுகிக் கெடந்தது கொஞ்சம் தளரும். ரெண்டு மூணு நாள் லேசா இருக்கும். அந்த நேரத்துல உடம்ப அசைக்கணும், அதுதான் முக்கியம்” என்று சொல்லி மூன்று உடற்பயிற்சிகளைச் செய்து காட்டினார். கையும் முழங்காலும் ஊன்றி முதுகைப் பூனைபோல மேலே வளைத்துக் கீழே இறக்குவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது. மறுபடி கை, முழங்கால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்டுவது, பிறகு மாற்றி நீட்டுவது. தினமும் இருபது நிமிடம் நடையும் சொன்னார். பெல்ட்டை மெல்ல மெல்ல விடச் சொன்னார்.

மாடிப்படியில் இறங்கும்போது கலைமதி கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் குலுங்கியபோதும் முகம் சுளிக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவள் இடுப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை வலி திரும்ப வந்துவிட்டது. சனிக்கிழமை மறுபடி போனாள்.

இப்படி ஐந்து சனிக்கிழமைகள். வெள்ளிக்கிழமை வந்தால் நாளைக்குச் சரியாகிவிடும் என்ற நினைப்பிலேயே ஷிப்டை ஓட்டினாள். உடற்பயிற்சியை முதல் வாரம் இரண்டு நாள் கட்டில்மேலேயே செய்து பார்த்தாள், சரிவரவில்லை. தரையில் இறங்க வேண்டும், தரையிலிருந்து எழ வேண்டும். அதற்கு அவளுக்குத் துணிவில்லை. டாக்டர் கேட்டபோதெல்லாம் செய்கிறேன் என்றாள்.

ஆறாவது சனிக்கிழமை டாக்டர் தரையில் பாயை விரித்தார். “மூணையும் ஒருதடவ செஞ்சு காட்டுங்கக்கா, சரியாச் செய்றீங்களான்னு பாத்துடலாம்.”

கலைமதி பாயைப் பார்த்தாள். மூன்றாவது பயிற்சி என்னவென்றே அவளுக்கு மறந்து போயிருந்தது. “இன்னிக்கு ரொம்ப வலி டாக்டர். நீங்க மொதல்ல எடுத்து விடுங்க, அப்பறம் செய்றேன்” என்றாள்.

டாக்டர் சின்னச் சுத்தியை எடுத்தார். கால்களை மறுபடி சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“இன்னிக்கு நான் எதுவும் செய்யப் போறதில்லக்கா. வாராவாரம் நான் பண்ணி விடறேன், நீங்க அடுத்த வாரம் வரைக்கும் அசையாம இருக்கீங்க. இப்படியே போனா இன்னும் அஞ்சு வருஷம் வருவீங்க. பதினஞ்சு நாள் இந்த மூணையும் செஞ்சுட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்.”

கலைமதி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆட்டோவில் ஏறியதும் கொட்டினாள்.

“வலிக்குதுன்னு வந்தவள திருப்பி அனுப்புறா. இவ இன்னா டாக்டரு? இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

“சரி, வர வேணாம்” என்றான் பரசுராமன்.

“நீ இன்னா அவ பக்கமா?”

“நான் வண்டி ஓட்டிகினு கீறேன்.”

அதற்குப் பிறகு அவள் படப்பைக்குப் போகவில்லை. பாயை விரிக்கவும் இல்லை. பெல்ட் மறுபடி இறுகியது.

வைகாசி முடியும் நேரத்தில் பரசுராமனுக்கு அம்மை போட்டது. முதலில் காய்ச்சல், மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். ஹாஸ்டலிலிருந்து வர வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் சொன்னதும், இரண்டு வாரம் வராதீர்கள் என்று கலைமதியையும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சிறுவயதிலேயே அம்மை போட்டிருந்ததால் பயமில்லை. வாசலில் வேப்பிலை செருகினாள். அவள் நின்றபடி எடுத்துக் கொடுக்க, பரசுராமனே கூடத்துத் தரையில் பாய் விரித்து, வேட்டியை மடித்துப் போட்டு, மேலே வேப்பிலையைப் பரப்பிப் படுத்தான். கோவிந்தம்மா பால் பாக்கெட்டும் இளநீரும் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு, எட்ட நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளே யாரும் வரவில்லை. வீட்டில் குனியக்கூடிய ஒரே ஆள் படுத்துக்கிடந்தான்.

முதல் நாள் அவள் நின்றபடியே இளநீர் டம்ளரை நீட்டினாள். அவன் கை எட்டவில்லை.

“குனியாத கலை. அந்த ஸ்டூல் மேல வெய்யி, நான் எட்டி எடுத்துக்கிறேன்” என்றான். உடம்பு அனலாகக் கொதித்தது. முழங்கையை ஊன்றி எழ முயன்று, முடியாமல் மறுபடி சாய்ந்தான். கொப்புளங்கள் பாயில் உரசியதும் பல்லைக் கடித்தான்.

கலைமதி சுவரில் ஒரு கையை ஊன்றினாள். ஒரு முழங்காலைத் தரையில் வைத்தாள். அந்தக் கொக்கிக்காகக் காத்திருந்தாள். வலித்தது, ஆனால் கொக்கி விழவில்லை. இன்னொரு முழங்காலையும் வைத்தாள். இடுப்பை மடக்கிக் குனிந்து, அவன் தலைக்கு அடியில் கை கொடுத்து இளநீரைப் புகட்டினாள். ஆடிக்குப் பிறகு அவள் தரையில் உட்கார்ந்தது அன்றுதான்.

உட்கார்ந்தாயிற்று. எழுவதுதான் தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். ஸ்டூலைப் பிடித்தால் சாய்ந்தது, எட்டிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. கடைசியில் பக்கவாட்டில் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்தாள். அப்படி நின்றபோதுதான் இது டாக்டர் சொன்ன முதல் பயிற்சி என்பது உறைத்தது. வந்தது வந்தாயிற்று என்று முதுகை ஒருமுறை மேலே வளைத்தாள், கீழே இறக்கினாள். இடுப்பில் நெடுநாள் பூட்டியிருந்த ஏதோ ஒன்று முனகியது. பத்து முறை செய்தாள். பரசுராமன் காய்ச்சல் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பண்ற?”

“எழுந்துக்கறேன். நீ தூங்கு.”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் அவள் எத்தனை முறை தரைக்கு இறங்கி எழுந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. வேப்பிலை மாற்ற, கஞ்சி கொடுக்க, தரை துடைக்க, வாந்தி எடுத்தபோது தாங்கிப் பிடிக்க. முதல் நான்கு நாள் சாயங்காலத்தில் இடுப்பு கடுத்தது. ஐந்தாம் நாள் முதல் அந்தக் கடுப்பும் குறைந்தது. வலி மாத்திரை தீர்ந்துபோனதை அவள் எட்டாம் நாள்தான் கவனித்தாள். ஒவ்வொரு முறை எழும்போதும் பூனைப் பயிற்சி. பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. மூன்றாவதில் அரைகுறையாக நினைவுக்கு வந்ததை மகளுக்குப் போன் போட்டு விவரித்து, அவள் படமாகத் தேடி அனுப்பியதைப் பார்த்துச் செய்தாள்.

ஆனி மாதத்தில் படப்பைக்குப் போனாள். ஐந்து வாரம் பொய் சொன்னதை முதலில் சொன்னாள். டாக்டர் பாராட்டவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. பாயை விரித்தார். கலைமதி மூன்றையும் செய்தாள். மூன்றாவதில் நீட்டிய கால் ஆடியது. ஆடாமல் நிறுத்த இரண்டு மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

அதன்பிறகு வேலை வேறுவிதமாக நடந்தது. ஒரு கம்பைத் தலை, முதுகு, வால் எலும்பு மூன்றிலும் படும்படி பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து மடங்குவது எப்படி என்று டாக்டர் கற்றுக்கொடுத்தார். அது பழகியதும் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னார், பிறகு பத்து கிலோ. முதுகை வளைத்தே எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்பதையும் செய்யவைத்துக் காட்டினார். அந்த மளுக்கென்ற சிகிச்சை பதினைந்து நாளுக்கு ஒன்றானது, பிறகு மாதம் ஒன்றானது. கலைமதி அதற்கு ஏங்குவதை நிறுத்தியிருந்தாள். அது சுகமாகத்தான் இருந்தது, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப்போல.

வலி ஒரேயடியாக இறங்கவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், இன்னொரு வாரம் காரணமில்லாமல் கடுக்கும். நல்ல வாரத்தில் இரண்டு மடங்கு செய்வதும் கெட்ட வாரத்தில் விட்டுவிடுவதும் அவள் வழக்கமாக இருந்தது. இரண்டு வாரத்திலும் ஒரே அளவு செய்ய வேண்டும் என்பதைப் பழகத்தான் அவளுக்கு அதிக நாள் பிடித்தது.

கம்பெனியில்தான் சிக்கல் வந்தது. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று ஒரு நிமிடம் இடுப்பை அசைக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. சூப்பர்வைசர் அப்பாவு இரண்டாம் நாளே வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, லைன்ல நின்னு டான்ஸ் ஆடிகினு? கேமராவுல பாத்துட்டு மேல கேக்கறாங்க.”

“ஒரு நிமிஷம் சார். நின்னுட்டு உக்காந்துடுவேன். பீஸ் கொறஞ்சா கேளுங்க.”

“கொறஞ்சுதான்மா போயிருக்கு. நேத்து ஆறு பீஸ் கம்மி.”

அது உண்மைதான். அப்போது முத்துச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“சார், போன வருசம் அக்கா எத்தனை நாள் லீவு எடுத்தாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஆறு பீஸ் பெருசா, அது பெருசான்னு பாப்போம்.”

அப்பாவு போய்ப் பார்த்தாரா என்று தெரியாது. ஆனால் மறுபடி கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, கலைமதி கேட்காமலேயே, மெயின்டனன்ஸ் ஆள் வந்து அவள் ஸ்டூலின் உயரத்தை மாற்றி, மெஷின் மேசையையும் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போனார். எண்ணிக்கை ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வந்தது. பெல்ட்டை அதற்குப் பிறகு அவள் கட்டவில்லை.

அந்த வருட ஐப்பசியில் டாக்டர் பூஜா படப்பைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சென்னையிலேயே நோயாளிகள் அதிகமாகிவிட்டார்களாம். மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. கடைசி நாளில் டாக்டர் தன் எண்ணைக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கலைமதி கலக்கத்தோடு இருந்தாள். இனி பிடித்துக்கொண்டால் யாரிடம் போவது என்று பரசுராமனிடம் இரண்டு முறை கேட்டாள்.

கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. நாலு நாள் மழை சற்று விட்டதும், ஈரத் துணி நிறைந்த பக்கெட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். கடைசிப் படியில் அதே இடத்தில், அதே மாதிரி. பக்கெட்டை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் முதல் நாள் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டார். கால் மரத்துப் போகிறதா? இல்லை. பாதத்தைத் தூக்க முடிகிறதா? முடிகிறது. சிறுநீர் சரியாகப் போகிறதா? போகிறது.

“இதுல ஏதாவது மாறினா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, எனக்குப் போன் பண்ணிட்டு இருக்காதீங்க. மத்தபடி இது பிடிப்புதான், விட்டுடும். என்ன செய்யணும்னு உங்களுக்குத்தான் தெரியுமேக்கா” என்றார்.

“தெரியும் டாக்டர். ஆனா பயமா கீது.”

“பயத்தோடயே செய்யுங்க.”

அன்று முழுவதும் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை கூடத்தில் மெல்ல நடந்தாள். பரசுராமன் குடங்களை மறுபடி கல்மேல் ஏற்றப் போனான். வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். மறுநாள் பாயில் இறங்கிப் பூனைப் பயிற்சியை ஐந்தே முறை செய்தாள். அதற்கடுத்த நாள் பத்து. நான்காம் நாள் வியாழக்கிழமை, இரண்டாவது ஷிப்ட். இடுப்பில் வலி இன்னும் மிச்சமிருந்தது. ஒருநாள் கூடுதலாக லீவு போடலாமா என்று யோசித்தாள். பிறகு குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ் நிற்கும் முனைக்கு மழைச்சேற்றில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். வேலைக்கு வந்துவிடுவேன் என்று முத்துச்செல்வியிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.